கொடிகள் காட்டிய குறிப்பு

காற்று வீசின் கொடி அசையும். அவ்வசைவிற்குக் காற்றையன்றி வேறு காரணம் இல்லை. ஆயினும், புலவன் அதனைக் காணுங்கால் தன் உள்ளக் கருத்தொன்றை அதன்மேல் ஏற்றிக் கூறுவான். இதுவே தற்குறிப்பேற்ற அணி. தன் குறிப்பினை ஏற்றுதல் என விரித்து நோக்கின் பெயரே பொருளை உணர்த்தும். தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் 35-இல் இதுவும் ஒன்று.

‘போல’ என்னும் சொல்லைக் கண்டவுடன் உவமை என எழுதிவிடுவோர் பலர். ‘தாமரை போன்ற முகம்’ என்புழி இரு பொருள்களிடையே ஒப்புமை உண்டு, அஃது உவமை. தற்குறிப்பேற்றத்திலும் ‘போல’ வரலாம். ஆனால், அங்கே இயல்பாக நிகழும் ஒன்றற்குப் புலவன் ஒரு நோக்கத்தைக் கற்பிக்கின்றான்.

விசுவாமித்திர முனிவருடன் இராமனும் இலக்குவனும் மிதிலையை அணுகுகின்றனர். நகரின் கொடிகள் அசைகின்றன. அந்நகர், கொடிகளாகிய கைகளை நீட்டி, விரைந்து வருக என இராமனை அழைப்பதாகக் கம்பர் பாடுகின்றார். மணவினை நிகழவிருக்கும் ஊரன்றோ!

சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதையிலும் கொடிகள் அசைகின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மரப்புணையில் ஏறி வையையைக் கடக்கின்றனர். ஆற்றுநீர் தெரியாதவாறு மலர்கள் மூடியுள்ளன. கண்ணகிக்கு நேரவிருப்பதை அறிந்து, வையை மகள் தன் கண்ணீரை மலராடையால் மறைத்தாள் என்கின்றார் இளங்கோவடிகள். அப்பால், மதுரை மதிற்கொடிகளோ ‘வாராதீர்’ எனக் கைகாட்டி மறிக்கின்றன. கொடியும் காற்றும் இரண்டிடத்தும் ஒன்றே, குறிப்போ வேறு.

நான் ஆசிரியனாக இருந்த நாளில், இப்பகுதியில் அமைந்த அணியைக் கூறுக என்று தேர்வில் வினவியிருந்தேன். மாணவி ஒருத்தி அணியின் பெயரை எழுதாது, ‘கொடிக்குத் தெரிந்தது கோவலனுக்குத் தெரியவில்லையே’ என்று மட்டும் எழுதியிருந்தாள். பெயர் இல்லை எனக் கருதி மதிப்பெண் தராது விட்டேன். அச்செயல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. பெயரை எழுதிய பிறர் எவரும் அவள் கண்டதைக் கண்டிலர்.

கோவலன் கொலையுண்பான் என்பது அடிகளுக்குத் தெரியும். கதை கேட்கும் நமக்கும் தெரியும். கரையேறும் அவ்விருவர்க்குமோ தெரியாது. கதையினுள் புகுந்து அவர்களைத் தடுக்க அடிகளால் இயலுமோ? அதனாலன்றோ தாம் சொல்ல விழைந்ததைக் கொடியின்மேல் ஏற்றினார்! அவர்கள் கண்டவை காற்றில் ஆடும் கொடிகளே. கண்டவாறே நடந்து, அறவோர் வாழும் புறஞ்சேரியை அடைந்தனர்.