ஈரச் சுவருக்கு அடித்த பெயிண்ட்

சுவரில் பூசணம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் ஹவுஸ் ஓனரிடமிருந்து வரும் முதல் பதில் இதுதான்: "ஈரத் துணிய உள்ளயே காயப்போடறீங்கம்மா. ஜன்னலத் திறக்கறதே இல்ல." மீஞ்சூரை அடுத்த எங்கள் வள்ளூரில் ஜன்னலைத் திறந்து வைத்து அவர் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். காலையில் துடைத்த தரை மதியத்துக்குள் கறுத்துவிடும். அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூசு, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண். கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மறுபடி துவைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் அவரும் இங்கே வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கீழ்த்தள வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். வடிந்த பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன். "சுவர் ஊறிக் கிடக்கு, பங்குனி வெயில் ஏறட்டும் அண்ணே" என்று என் கணவர் கேட்டுக்கொண்டார். ஓனரோ பொங்கலுக்குள் முடித்துத் தருகிறேன் என்று பெயிண்டரைக் கூட்டிவந்து, அந்த ஈரத்தின் மேலேயே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிட்டார். பார்க்கப் புது வீடு மாதிரிதான் இருந்தது. செங்கல்லுக்குள் நின்ற தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்? சித்திரையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அடுத்த ஐப்பசி மழையில் மூலைகளில் கறுப்புப் புள்ளி வந்தது. கட்டிலை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்பும். பஞ்சு மெத்தை போனது. என் கல்யாணப் பட்டில் விழுந்த கறை இன்றும் போகவில்லை. சின்னவனுக்கு இளைப்பு கண்டு, ராத்திரியில் நெபுலைசர் வைக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெயிண்டருக்குக் கொடுத்த கூலியில் இரண்டு ஃபேன் வாங்கி அந்தச் சுவரைக் காயவிட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

துணிதான் காரணம் என்று உங்கள் ஓனரும் சொல்வார். வாயால் வாதாட வேண்டாம். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் டேப்பால் இறுக்கிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்புறம் நீர் கோத்திருந்தால் அறைக்குள் இருக்கும் ஆவி. சுவரை ஒட்டிய பக்கம் ஈரமென்றால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. எங்கள் வீட்டில் சுவர்ப் பக்கம்தான் நனைந்திருந்தது. படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அதற்குப் பிறகு துணிப் பேச்சு வரவில்லை.

அஸ்திவாரத்துக்கு மேல் டிபிசி என்னும் ஈரத்தடுப்பு அடுக்கு போடாத வீடுகளில் தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடிக்குள் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து ஏறும். மாவு போல வெள்ளையாக உதிர்ந்து, தண்ணீரில் கரைந்தால் அது உப்பு. கறுப்பாகப் படர்ந்து புழுங்கல் வாடை அடித்தால் பூசணம்.

பூசணத்தைத் துடைப்பதில் பெரிய வித்தையில்லை. என்95 மாஸ்க், சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு ஃபேன். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் பொறுப்புகளை வகுத்த 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது நம் செலவு. வாடகைதாரர் சேதப்படுத்தாத வரையில் கட்டடப் பழுது ஓனர் செலவு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் அவர் பொறுப்பே. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிந்து வையுங்கள். "நமக்குள்ள எதுக்கும்மா பேப்பர்" என்று இனிக்கப் பேசுகிறவரிடம் கட்டாயம் பதியுங்கள்.

வேறு வீடு பார்க்கப் போனால் கார்த்திகையில் போங்கள். சித்திரையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். சாவி வாங்கும் அன்றே நாலு மூலையையும் தேதியோடு வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். நாங்கள் காலி செய்தபோது எங்கள் ஓனர் "பெயிண்ட் செலவு" என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். அலுமினியத் தாள் படத்தையும், "சுவர் இன்னும் காயல அண்ணே" என்று பெயிண்ட் அடிக்கும் முன்பே என் கணவர் அனுப்பியிருந்த செய்தியையும் காட்டிய பிறகுதான் அது கைக்கு வந்தது.