கொண்டை ஊசி வளைவில் கைக்கடிகாரம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. செயற்கைக் கோள்களின் துணையால் தூரம் காட்டும் கைக்கடிகாரத்தை அணிந்து அதில் ஓடும் மாணவர், அது காட்டும் தூரத்தை அப்படியே நம்பலாமா?

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்களில் குறைந்தது நான்கிலிருந்து ரேடியோ அலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டே கடிகாரம் தன் இடத்தை அறிகிறது. ஒரு வினாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் பிசகினாலே தொலைவு 3 மீட்டர் பிசகிவிடும். வெள்ளக்கடை போன்ற மலையூர்களின் காப்பித் தோட்டங்களில், நிழல் மரங்களின் ஈர இலைகள் அலையை மங்கச் செய்யும். பாறைச் சரிவில் பட்டுத் திரும்பும் அலையோ சுற்றுவழியாக வந்து நேரத்தைக் கூட்டிக் காட்டும். புள்ளிகள் பாதையின் இருபுறமும் சிதற, கோடு கோணல்மாணலாகி நீளும், தூரம் கூடும்.

வளைவில் இதற்கு நேர்மாறு. 10 மீட்டர் ஆரமுள்ள அரைவட்ட வளைவு ஒன்றைக் கொள்வோம். அதன் நீளம் 31.4 மீட்டர். வினாடிக்கு 3 மீட்டர் வீதம் ஓடுபவருக்கு அதைக் கடக்கப் பத்து வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். மின்கலத்தைச் சிக்கனப்படுத்த, பத்து வினாடிக்கு ஒரு முறை மட்டும் இடத்தைக் குறிக்கும் கடிகாரம், வளைவின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடக்கூடும். அக்கோடு 20 மீட்டர்தான்! எல்லா வளைவிலும் இப்படியே நேர்ந்தால் எவ்வளவு குறையும்? கணக்கிட்டுப் பாருங்கள்: 228 மீட்டர். வினாடிக்கு ஒரு முறை குறித்தால் இந்தக் குறை மிகச் சிறிதாகிவிடும்.

ஒரு பிழை கூட்ட, மற்றது குறைக்க, மொத்தத் தூரம் தற்செயலாகச் சரியாக அமைவதும் உண்டு. அப்போதும் இடையிடையே காட்டிய வேகம் தவறுதான்.

மாரத்தான் பாதைகளை அதிகாரபூர்வமாக அளக்க இன்றும் சைக்கிளைத்தான் பயன்படுத்துகிறார்கள். சக்கரத்தின் சுற்றை எண்ணும் கருவியை அதில் பொருத்தி, முன்பே நாடாவால் அளந்த தூரத்தில் ஓட்டிச் சரிபார்த்துக் கொள்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்ப்பதும் வழக்கம், 42.195 கி.மீ.க்கு அது 42 மீட்டர்.