பட்டி பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள்

வீட்டுக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பட்டி எத்தனை கோட் போடுவீங்க?" என்றுதான். பதில் சொல்வதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எந்த அறை, மாடித் தண்ணீர் எந்த மூலையில் வடிகிறது, சன்ஷேடுக்கு மேலே கறுப்பாகக் கோடு இறங்கியிருக்கிறதா, எல்லாவற்றையும் பார்ப்பேன். பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். பட்டி உரிந்துவிட்டதென்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பட்டியே மோசமாக இருந்தது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருந்தது.

மூட்டையில் வருகிற சுவர்ப் பட்டி என்பது வெள்ளைச் சிமெண்ட், நைசாக அரைத்த சுண்ணாம்புக்கல் அல்லது டோலமைட் தூள், பிடிப்புக்குக் கொஞ்சம் பாலிமர். பூச்சில் இருக்கும் மணல் துளைகளையும் மயிரிழை விரிசல்களையும் அடைத்து, பெயிண்டைக் குடிக்காத வழவழப்பான ஒரு தளத்தைக் கொடுப்பதுதான் அதன் வேலை. இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதைவிட ஆழமான பள்ளம் என்றால் அது கொத்தனார் வேலை. ஒயரிங் பைப்புக்காக வெட்டிய காடியைப் பட்டியை அப்பி மூடச் சொல்வார்கள். அங்கே கோழிவலை அடித்து, சிமெண்ட் கலவையால் அடைத்து, தண்ணீர் காட்டி, காயவிட்டுத்தான் பட்டியைத் தொட வேண்டும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்து விரிசலுக்கும் இதே கதைதான். இல்லாவிட்டால் வருஷா வருஷம் அதே இடத்தில் கோடு விழும்.

ஓதம் அடிக்கிற சுவர்தான் பெரிய தலைவலி. நம் ஊரில் பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று மார்கழி பிறந்ததும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் குடித்த சுவர் அப்போதுதான் மெல்லக் காய ஆரம்பித்திருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். சந்தேகமான இடத்தில் கண்ணாடி மாதிரி பாலிதீன் தாளை ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவருக்கு இன்னும் நேரம் வேண்டும்.

ஒரு வீட்டில் இப்படித்தான், ஹால் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பட்டி பொரிந்து நின்றது. நகத்தால் நெம்பினால் பப்படம் பப்படமாக வந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளையாக உப்பு.

"அண்ணே, இன்னொரு கோட் கூடப் போட்டா மறைஞ்சிடாதா?" என்று கேட்டார் அந்த வீட்டு டீச்சர்.

"மறையும் டீச்சர். அடுத்த மழை வரைக்கும் மறையும்."

சுவருக்குள் ஏறுகிற தண்ணீர், மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் பட்டிக்குப் பின்னால் படிகமாக வளரும். அந்த வளர்ச்சி பட்டியைத் தள்ளிவிடும். எந்தக் கம்பெனி பட்டியானாலும் இதற்கு ஈடு கொடுக்காது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்து, கெட்ட பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, புதுப் பூச்சுப் பூசிக் காயவிடுவதுதான் வழி. அந்த டீச்சர் வீட்டில் பின்பக்கக் குளியலறைத் தளத்தில் டைல்ஸ் இடுக்கு விட்டிருந்தது. முதல் செலவை அங்கே செய்யச் சொன்னேன். கட்டுவதற்கு உப்புத் தண்ணீர் போர்வெல்லைத் தவிர வேறு வழியில்லாத ஊர்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

சரி, சுவர் நல்ல சுவர் என்றே வைத்துக்கொள்வோம். புதுப் பூச்சு என்றால் தண்ணீர் விட்டு ஆற்றியது போக, மொத்தம் நான்கு வாரமாவது கழியட்டும். பழைய சுவர் என்றால் சுண்ணாம்பையும் டிஸ்டெம்பரையும் கண்டிப்பாகச் சுரண்ட வேண்டும். சுண்ணாம்பின் மேல் பட்டி போட்டால் பட்டி பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பு சுவரை விட்டுவிடும். இரண்டும் சேர்ந்து தகடாக இறங்கும். எனாமல் அடித்த சுவரை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

அடுத்து, சுவரை நனையுங்கள். பலரும் விடுகிற இடம் இது. ஓதம் வேண்டாம் என்று சொன்னவனே நனைக்கச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். வெள்ளைச் சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. வறண்ட பூச்சு அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால், பட்டி பார்வைக்கு வெள்ளையாக நிற்கும், உள்ளங்கையால் தேய்த்தால் மாவாக வரும். அதன் மேல் அடிக்கிற பெயிண்ட் அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே நிற்கிற ஈரம் இழுத்ததும் வேலையைத் தொடங்க வேண்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். வெளிச்சுவரில் வெயிலுக்குப் பின்னாலேயே போக வேண்டும்: காலையில் மேற்குச் சுவர், மத்தியானத்துக்கு மேல் கிழக்குச் சுவர்.

கலக்கும்போது முதலில் வாளியில் தண்ணீர், அதில்தான் பொடி. பொடியில் தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டி தங்கும், அது சுவரில் கீறலாக வந்து நிற்கும். கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர் போதும். கெட்டித் தயிர் பதம் வந்ததும் பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி ஒரு தரம் கலக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தீருகிற அளவுக்குத்தான் கலக்குவேன். இறுக ஆரம்பித்த பட்டியில் தண்ணீர் விட்டு இளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இளகும்தான், ஆனால் பிடிப்பு போன பட்டி அது. நீங்கள் வீட்டில் இருக்கிற நாளில் வாளியைக் கொஞ்சம் கவனித்தாலே இது தெரிந்துவிடும்.

முதல் கோட்டைக் கீழிருந்து மேலே இழுப்போம். கோட்டுக்குக் கோட் குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி. இரண்டாவது கோட் குறுக்காக. பிளேடின் முனை நெளிந்திருந்தால் சுவரெல்லாம் கோடு விழும், அதனால் பிளேடை மட்டும் நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. உப்புத்தாள் போடுவதற்கு முன் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடியாகத் தெரிந்த சுவர் அலை அலையாகத் தெரியும். அந்த நிழல்களைப் பென்சிலால் வட்டமிட்டு அங்கே மட்டும் தேய்த்தோ தொட்டோ சரி செய்யலாம். பெயிண்ட் அடித்த பிறகு, அதுவும் பளபளப்பான பெயிண்ட் என்றால், திருத்த வழி கிடையாது.

தேய்க்கும்போது பறக்கிற தூசி பற்றி ஒரு வார்த்தை. பையன்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார்கள், அது போதாது. நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வெறுங்கையால் பட்டியை அள்ளுகிறவனின் விரல் நுனிகளைப் பார்த்திருக்கிறீர்களா? ரேகை தேய்ந்து, சிவந்து, மிளகாய் பட்டால் துடித்துப்போவான். சிமெண்ட் காரம். கையுறை விலை ஒன்றும் பெரிதில்லை.

வாளியில் ரெடிமேடாக வருகிற அக்ரிலிக் பட்டியைப் பற்றியும் கேட்பார்கள். இழுக்க சுகம், தேய்க்க சுகம், உள் அறைக்கு நல்ல வழவழப்பு கொடுக்கும். ஆனால் அது தண்ணீர் ஆவியாகிக் காய்கிற பொருள். நனைந்தால் மறுபடி மெதுவாகும். வெளிச்சுவர், குளியலறை, சமையலறைத் தொட்டிப் பக்கம் எல்லாம் அதற்கு ஆகாது. சுவரில் என்ன போட்டார்கள் என்று தெரியாவிட்டால், ஒரு மூலையை நனைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். குழைந்து வந்தால் அக்ரிலிக் அல்லது சாக்பவுடர் வேலை, அசையாமல் இருந்தால் சிமெண்ட் பட்டி. பி.ஓ.பி. என்பது ஜிப்சம், சீலிங்கோடு நிற்கட்டும்.

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளுக்குப் பட்டி பார்க்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சுவர்களில் இருப்பது நீற்றிய சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி மெருகேற்றிய பூச்சு. அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பட்டியைப் போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூச்சையும் கெடுத்துவிடும். அங்கே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

உறிஞ்சுகிற தொல்லை மர ஜன்னலிலும் உண்டு. கண்ணாடியைப் பதிக்கிற பட்டி, சாக்குத்தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தது. பிரைமர் அடிக்காத வெறும் மரத்தில் அதை வைத்தால் மரம் எண்ணெயைக் குடித்துவிடும், பட்டி வெடித்துக் கண்ணாடி ஆடும். சட்டத்துக்கு ஒரு கோட் பிரைமர் அடித்துக் காயவிட்டு வைத்தால் நிற்கும். அந்தப் பட்டி தோல் கட்டுவதற்கே வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பெயிண்ட் அடிக்கக் கூடாது.

வண்டிப் பட்டி என் தொழில் இல்லை, ஆனால் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டீ குடிக்கிற பழக்கத்தில் கொஞ்சம் தெரியும். அது பாலியஸ்டர், ஹார்டனரை நூற்றுக்கு இரண்டு பங்கு போலச் சேர்த்தால் கால்மணி நேரத்தில் கல்லாகிவிடும். ஒடுங்கின தகட்டைத் தட்டி எடுத்து, துருவைச் சுத்தமாகச் சுரண்டிய பிறகு மெல்லிசாக இழுத்தால்தான் அதற்கு ஆயுள். தட்டாமலே பள்ளத்தை நிரப்பிப் பெயிண்ட் அடித்து விற்கிற வண்டிகள் ஏராளம். பழைய கார் வாங்கப் போனால் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். கதவு, மட்கார்டு என்று ஒட்டிக்கொண்டே வருகிற காந்தம் ஓரிடத்தில் பிடிக்காமல் நழுவினால், அங்கே உள்ளே கனமாகப் பட்டி இருக்கிறது. ஸ்டீல் தகட்டுக்குத்தான் இந்தச் சோதனை, பிளாஸ்டிக் பம்பரில் செய்து பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

கடைசியாகக் கணக்கு. மூட்டை 40 கிலோ. தயாரித்த தேதி ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் கிலோவுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு சதுர அடி, இரண்டு கோட்டுக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி, சீலிங் 120. கதவு ஜன்னல் கழித்தால் ஒரு மூட்டை போய் இன்னொன்றில் கொஞ்சம் எடுக்கும். அதே அறைக்கு மூன்று மூட்டை கேட்டால் உடனே பெயிண்டரைச் சந்தேகப்பட வேண்டாம். மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். நடுவில் விரல் நுழைகிறதென்றால், பூச்சு போட்ட கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.