பழைய காருக்குப் புதிய ரேடியேட்டர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் திருச்சிராப்பள்ளியில் வெப்பத்தைப் பற்றிப் படிப்பவருக்கு எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தில் கொதிகலன்கள் செய்யப்படுகின்றன. நெருப்பின் வெப்பத்தைத் தண்ணீருக்குள் செலுத்துவது கொதிகலனின் வேலை. தண்ணீரில் ஏறிய வெப்பத்தைக் காற்றில் விடுவது கார் ரேடியேட்டரின் வேலை. ஒன்று மற்றொன்றின் மறுபக்கம். முன்னதைப் பற்றிப் பாடநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பின்னதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தை ரேடியேட்டர் பழுதுபார்க்கும் தொழிலாளி. சென்ற ஆண்டு கோடையில் ஸ்ரீரங்கத்திலிருந்து 1968ஆம் ஆண்டு பதிவான ஓர் அம்பாசடர் மார்க் 2 கார் அவரிடம் வந்தது. அதற்கு எந்த ரேடியேட்டர் பொருத்தலாம் என்ற கேள்விக்கு, அவருடைய அனுபவத்தையும் என் வகுப்புப் பாடத்தையும் சேர்த்து விடை தேடினோம். அந்த விடையே இக்கட்டுரை.

பெயரும் வேலையும்

ரேடியேட்டர் என்றால் கதிர்வீசி என்று பொருள். ஆனால் அதிலிருந்து கதிர்வீசல் வழியே வெளியேறும் வெப்பம் மிகச் சிறிது. நீரின் வெப்பம் குழாய்ச் சுவர் வழியே கடத்தலாலும், குழாயை ஒட்டிய மெல்லிய தகடுகளிலிருந்து காற்றுக்குச் சலனத்தாலும் செல்கிறது. ஆகவே இக்கருவி பெயரளவில்தான் கதிர்வீசி.

1886இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. நீர் கொதித்து ஆவியாகி எஞ்சினைக் குளிர்வித்தது. வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1900 – 1901இல் மேபாக் என்ற பொறியாளர் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு வடிவில் ஒரு ரேடியேட்டர் அமைத்தார். அதில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. அதனால் சுமார் 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாயிற்று. வெப்பத்தை வெளியேற்ற நீரின் அளவைவிடக் காற்றுப் படும் பரப்பே முக்கியம் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

எவ்வளவு வெப்பம்?

அம்பாசடரின் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு மணிக்கு 5 லிட்டர், அதாவது சுமார் 3.7 கிலோகிராம் பெட்ரோல் எரிகிறது. கிலோகிராமுக்கு 44 மெகாஜூல் வீதம் கணக்கிட்டால் இது 45 கிலோவாட் ஆகும். இதில் ஏறத்தாழ 30 விழுக்காடு, அதாவது 13.6 கிலோவாட், குளிர்விக்கும் நீருக்குச் செல்லும். வீட்டில் பயன்படும் ஒரு கிலோவாட் மின் அடுப்புகள் பதின்மூன்றை ஒன்றாக எரிப்பதற்கு இது சமம்.

ரேடியேட்டரில் நீரின் வெப்பநிலை 6 டிகிரி குறைகிறது என்றால், நிமிடத்துக்குச் சுமார் 32 லிட்டர் நீர் ஓட வேண்டும். காற்றின் வெப்பநிலை 20 டிகிரி உயர்கிறது என்றால், நொடிக்கு 0.6 கன மீட்டர் காற்று ஊடே செல்ல வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் கொதிக்கும்.

ஆக்ஸ்போர்டும் திருச்சியும்

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும். நீர் 85 டிகிரி, இங்கிலாந்துக் காற்று 15 டிகிரி என்றால் வேறுபாடு 70. திருச்சியின் மே மாதக் காற்று 40 டிகிரி என்றால் வேறுபாடு 45 மட்டுமே. அதே ரேடியேட்டர் இங்கே சுமார் 64 விழுக்காடு வெப்பத்தைத்தான் வெளியேற்றும். அங்கே தேவைக்கு மேல் மிச்சமாக இருந்த திறன் இங்கே தேவைக்கே சரியாகிவிடுகிறது. குழாய்களில் சிறிது அடைப்பு ஏற்பட்டாலும் முள் மேலே ஏறுவது இதனால்தான்.

வேகமும் கணக்கில் வரும். காவிரிப் பாலத்தில் தடையின்றிச் செல்லும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகும். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் கூட்டத்தோடு நடை வேகத்தில் ஊரும்போது எதிர்க்காற்று இல்லை. விசிறி ஒன்றே துணை. பழைய கார்களில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றுவதால், எஞ்சின் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். எனவே நெடுஞ்சாலையில் கொதிக்காத கார் கோயில் வீதியில் கொதிப்பது உண்டு.

முதலில் நோயறிதல்

ரேடியேட்டரை மாற்றுமுன் அதுதான் காரணமா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் ஓஸ் பைப், தேய்ந்த தண்ணீர் பம்ப், தவறான இக்னீஷன் நேரம் ஆகிய எல்லாமே அதே அறிகுறியைக் காட்டும். மேல் தொட்டியில் ஓயாமல் குமிழிகள் வந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தால், வண்டியை ஓட்டி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சூடு சற்றுத் தணிந்தபின் ரேடியேட்டரின் முகப்பைக் கையால் தடவிப் பார்க்கலாம். சுற்றிலும் சூடாக இருக்க ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டுள்ளன.

ஸ்ரீரங்கத்துக் காரில் முகப்பின் கீழ்ப்பகுதி முழுதும் குளிர்ந்திருந்தது. பல ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியதால் சுண்ணப் படிவு ஏறியிருந்தது. பித்தளையின் வெப்பக் கடத்து எண் சுமார் 110. சுண்ணப் படிவுக்கு அது 2 அளவில்தான். ஒரு மில்லிமீட்டர் படிவு ஐந்து சென்டிமீட்டர் பித்தளைச் சுவருக்குச் சமமான தடை என்றால் அதன் கேடு விளங்கும்.

மூன்று வழிகள்

முதல் வழி, மேல் கீழ்த் தொட்டிகளைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது. செலவு குறைவு. ஆனால் உளுத்த குழாய்கள் இதில் ஓட்டையாகிவிடும்.

இரண்டாம் வழி, பழைய பித்தளைத் தொட்டிகளையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள கோரை மட்டும் புதிதாகச் செம்பு – பித்தளையில் மாற்றுவது. ஓஸ் வாய்களும் போல்ட் துளைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். காரின் தோற்றமும் மாறாது.

மூன்றாம் வழி, முழு அலுமினிய ரேடியேட்டர். செம்பின் வெப்பக் கடத்து எண் சுமார் 400, அலுமினியத்துக்குச் சுமார் 235. ஆயினும் அலுமினியத்தின் அடர்த்தி செம்பைப் போல் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே எடைக்கு எடை பார்த்தால் அலுமினியமே மேல். புதிய கார்கள் அதற்கு மாறியது இதனால்தான். ஆனால் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்க முடியாது. தகுந்த அரிப்புத் தடுப்பான் கலந்த நீர் இல்லையேல் விரைவில் அரிக்கும்.

எத்தனை வரிசை?

கோர் மாற்றும்போது, "வரிசையைக் கூட்டிப் போடுங்கள்" என்று கேட்பது வழக்கம். இதில் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு வரிசையும் எஞ்சியுள்ள வெப்பநிலை வேறுபாட்டில் கால் பங்கைக் காற்றுக்குத் தருவதாக எடுத்துக்கொள்வோம். வேறுபாடு 45 என்றால் முதல் வரிசையில் காற்று 11.3 டிகிரி சூடேறும். இரண்டாவதில் 8.4, மூன்றாவதில் 6.3, நான்காவதில் 4.7. பின்வரிசைகளுக்குக் கிடைப்பது முன்வரிசைகள் சூடாக்கி அனுப்பிய காற்றே. மேலும் வரிசை கூடக்கூடக் காற்றுக்குத் தடையும் கூடும். மெதுவாகச் சுழலும் விசிறியால் அதை இழுக்க இயலாது. தகடுகளை மிக நெருக்கமாக வைத்தாலும் இதே விளைவுதான். புழுதியும் எளிதில் அடையும்.

இக்கணக்கை என் தந்தையிடம் காட்டியபோது, "ஏம்மா, எல்லாரும் தண்ணி போற வழியத்தான் பாக்குறாங்க. காத்து போற வழிய யாரு பாக்குறா?" என்றார். விசிறியைச் சுற்றித் தகட்டு வளையம் அமைத்தால், அது இழுக்கும் காற்று முழுவதும் கோர் வழியாகவே வரும் என்பது அவர் கருத்து. நான்காம் வரிசையைவிட அது அதிகம் பயன் தரும், செலவும் குறைவு.

மூடியில் கவனம்

நீரின் கொதிநிலை அழுத்தத்தோடு உயரும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு மூடி போட்டால் கொதிநிலை சுமார் 111 டிகிரி. 15 பவுண்டு என்றால் சுமார் 121. இதைக் கண்டு பழைய ரேடியேட்டருக்கு 15 பவுண்டு மூடி போடுவோர் உண்டு. ஈயப் பற்றாசால் இணைத்த அக்காலத் தொட்டிகள் அவ்வழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல, இணைப்பு விட்டுவிடும். கார் எந்த மூடியோடு வந்ததோ அதுவே வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. 111 டிகிரியில் உள்ள 8 கிலோ நீர் திடீரென வளிமண்டல அழுத்தத்துக்கு வந்தால், அதில் இரண்டு விழுக்காடு உடனே ஆவியாகும். அந்த ஆவியின் பருமன் சுமார் 270 லிட்டர். முகத்துக்கு நேரே அது வெளிப்பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் உடல்நலமும்

2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பேணப்படும் வாகனங்களைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்கிறது விதி. ரேடியேட்டரை விதி பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆயினும் அசல் வடிவைப் பேண விரும்புவோருக்குக் கோர் மாற்றமே பொருத்தம். அத்தகைய வாகனங்களை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே அனுமதி. அணிவகுப்பு என்றால் நடை வேகம்; எனவே விசிறியின் காற்றை நம்பியே தேர்வு செய்ய வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் பழுதுபார்ப்போரின் இரத்தத்தில் ஈயம் சேர்வதைப் பல நாடுகளின் மருத்துவ ஆய்வுகள் கண்டுள்ளன. பழைய பற்றாசை உருக்கிச் சுரண்டும்போது எழும் புகையும் தூசியும் காரணம். ஈயம் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் கெடுக்கும். உடையில் ஒட்டிய தூசி வீட்டுக் குழந்தைகளையும் சென்றடையும். புகை வெளியேறும்படி விசிறி வைத்தல், உண்ணுமுன் சோப்பால் கை கழுவுதல், வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றுதல், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை ஆகியவை அவசியம். இதைப் படித்தபின் எங்கள் வீட்டில் முதலில் மாறியது, சாப்பாட்டுத் தூக்கைப் பட்டறை மேசைமேல் வைக்கும் பழக்கமே.

முடிவு

ஸ்ரீரங்கத்துக் காருக்குப் பழைய தொட்டிகளோடு மூன்று வரிசைச் செம்பு – பித்தளைக் கோர், விசிறிக்கு வளையம், 7 பவுண்டு மூடி, வாலை வடிநீரில் ஈயப் பற்றாசுக்கு ஏற்ற அரிப்புத் தடுப்பான் என்று முடிவாயிற்று. காற்றடைத்துத் தொட்டி நீரில் மூழ்கவைத்துச் சோதித்தபின் பொருத்தினார்கள். மே மாத நண்பகலில் சித்திரை வீதிகளைச் சுற்றி வந்தபோதும் முள் நடுவைத் தாண்டவில்லை.

ஞெகிழித் தொட்டியும் அலுமினியக் கோரும் கொண்ட புதிய ரேடியேட்டர்கள் கெட்டால் கழற்றி எறிந்து வேறொன்று மாட்டுவதே வழக்கமாகிவிட்டது. பட்டறைக்கு வேலை ஆண்டுக்காண்டு குறைகிறது. நியூட்டனின் குளிர்வு விதியை நாம் ஆய்வகத்தில் கலோரிமீட்டரும் நிறுத்து கடிகாரமும் கொண்டு சரிபார்க்கிறோம். அதே விதியை உள்ளங்கையால் தடவி அறிபவர்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததை நம் துறை மாணவர்கள் அளந்து எழுதி வைத்தால், பழைய கார் வைத்திருப்போர்க்கும் பயன். நம் பாடத்துக்கும் பயன்.