வெறும் பிளாஷும் இயங்குதளமும்



பென் டிரைவினுள் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. கட்டுப்பாட்டுச் சில்லு என்பர். பிளாஷ் நினைவகத்தின் குறைகளை அவனே மறைத்துவிடுகிறான். பல வைஃபை ரௌட்டர்களில் அவன் இல்லை. அங்கே இயங்குதளம் என் செய்யும்?

சிலேட்டில் ஓரெழுத்தை மட்டும் விரலால் அழிக்கலாம். நேண்ட் வகை பிளாஷில் அது நடவாது. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பிளாக் பிளாக்காக. பரவலான ஒரு வகையில் பக்கத்திற்கு 2,048 பைட். 64 பக்கங்கள் ஒரு பிளாக். ஓரெழுத்தை அதே இடத்தில் திருத்த 1,31,072 பைட்டையும் அழித்தாக வேண்டும்! அழிக்குந்தோறும் தேய்மானம் வேறு. கலத்திற்கு ஒரு பிட் மட்டும் வைக்கும் உயர்ந்த சில்லே ஏறக்குறைய 1,00,000 முறைதான் தாங்கும். நிமிடத்திற்கொரு முறை ஒரே பிளாக்கை அழித்தால் 70 நாளுக்குள் அதன் ஆயுள் தீர்ந்தது. எனக்கு இதனினும் பெரிதாகப் படும் ஆபத்து ஒன்றுண்டு: அழித்தபின், எழுதுமுன் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

ஆகவே, 2008-ல் லினக்ஸில் சேர்ந்த யு.பி.ஐ.எப்.எஸ். பழைய இடத்தைத் தொடுவதில்லை. புதியதை வெற்றுப் பக்கத்தில் எழுதிய பிறகே பழையதை விலக்குகிறது. அதன் கீழுள்ள யு.பி.ஐ. அடுக்கு (பணம் அனுப்பும் யு.பி.ஐ. அன்று!) ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பிலும் அழித்த கணக்கைக் குறித்து, குறைவாகத் தேய்ந்ததற்கே வேலை தருகிறது, அசையாது கிடக்கும் கோப்புகளையும் இடம் பெயர்க்கிறது. கெட்ட பிளாக்கை ஒதுக்கிவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. வழக்கமாக, கருவி விழிக்கும்போதெல்லாம் எல்லாத் தலைப்புகளையும் படித்தாக வேண்டும். சில்லு பெரிதாகப் பெரிதாக அந்நேரமும் நீளும்.