மனம் ஆறும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஏற்றல் - அர்ப்பணிப்புச் சிகிச்சை: ஓர் அறிமுகம்

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும் இடங்களில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு: "முதலில மனம் ஆறட்டும் சுவாமி, பிறகு பாப்பம்." குத்தகைக்குக் காணி எடுப்பதென்றாலும், கோழி வளர்க்கக் கடன் பெறுவதென்றாலும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதென்றாலும் இதுவே பதில். இழந்தவர்களின் பாரத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்காத பேச்சல்ல. ஆனால் ஆண்டுகள் பல சென்றும் மனம் ஆறாவிட்டால் என்ன செய்வது?

வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த ஒரு கமக்காரரை நாம் அறிவோம். 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவர் இளைஞர். இன்று பேரப்பிள்ளை கண்டவர். அவர் ஒருநாள் சொன்னார்: "விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடுது சுவாமி. அது நான் தண்ணி மாறின நேரம். இப்ப மாறுறதுக்குக் கிணறும் இல்லை, தோட்டமும் இல்லை. விடியுமட்டும் யோசிச்சுக்கொண்டு கிடப்பன்."

"எல்லாம் இறைசித்தம், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று அவருக்குச் சொன்னோம். மரியாதைக்குத் தலையாட்டினார். மறுநாளும் மூன்று மணிக்கு எழும்பினார். ஏற்றுக்கொள்ளுதல் என்றால் என்னவென்று நாமே சரியாக விளங்கிக்கொள்ளாமல் அவருக்குப் போதித்திருந்தோம். அதைப் பின்னர் எமக்கு விளக்கியவற்றுள் ஒன்றுதான் இக்கட்டுரையில் அறிமுகஞ் செய்யும் சிகிச்சை முறை.

இம்முறை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் நெவாடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவரோடு உழைத்தவர்களும் 1980களிலிருந்து இதனை வளர்த்தெடுத்தனர். இதனை விளக்கும் முதல் நூல் 1999இல் வெளிவந்தது. ஹேய்ஸ் தாமே கடும் பதற்ற நோயால் அவதிப்பட்டவர். பதற்றத்தை அடக்க அடக்க அது பெருகியதைத் தம் உடம்பிலேயே கண்டவர்.

கமக்காரருக்கு இது புதிய செய்தியல்ல. கோரையை நினைத்துப் பாருங்கள். மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் நிற்கும். ஆத்திரத்தில் கொத்தினால் கிழங்குகள் அறுந்து, ஒன்று நின்ற இடத்தில் பல முளைக்கும். கவலையும் இப்படித்தான். "நினைக்கவே கூடாது" என்று தள்ளினால் இன்னும் பலமாய் வரும். சாராயத்தால் மறைத்தால் மறுநாள் கடனோடும் சண்டையோடும் வரும். ஆட்களைக் காணப் பிடிக்காமல் கொட்டிலுக்குள் இருந்தால், கவலைக்குத் துணையாகத் தனிமையும் வந்து சேரும்.

கோரை முழுவதும் ஒழிந்த பிறகே வெங்காயம் நடுவேன் என்று எந்தக் கமக்காரரும் இருப்பதில்லை. கோரை நிற்கிற நிலத்திலேயே பாத்தி கட்டுகிறார், நடுகிறார், வேண்டிய இடத்தில் களை எடுக்கிறார். இச்சிகிச்சை முறையின் சாரமும் இதுவே: துயரம் இருக்கும்போதே, எமக்குப் பெறுமதியானதைச் செய்யத் தொடங்குதல்.

ஆறு பயிற்சிகள்

1. இடங்கொடுத்தல். துயரம் வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல், உடம்பில் அது எங்கே நிற்கிறதென்று பாருங்கள். நெஞ்சிலா, தொண்டையிலா, வயிற்றிலா? மெதுவாக மூச்சு விட்டு, "இது இங்கே இருக்கட்டும்" என்று விடுங்கள். அதை விரும்ப வேண்டியதில்லை.

2. யோசனையை யோசனையாகப் பார்த்தல். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று மனம் சொல்லும். அதையே, "நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற யோசனை எனக்கு வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். சொல் சிறிதுதான் மாறுகிறது. ஆனால் உங்களுக்கும் அந்த யோசனைக்கும் இடையில் ஓர் அடி வெளி உண்டாகிறது.

3. இந்த நேரத்துக்குத் திரும்புதல். மனம் பழைய வளவுக்கு ஓடும், அல்லது நாளைய அரிசிக்கு ஓடும். இரு பாதங்களையும் நிலத்தில் அழுத்துங்கள். மண்ணின் சூட்டை உணருங்கள். கேட்கும் மூன்று ஒலிகளைக் கவனியுங்கள். பிறகு கையிலுள்ள வேலைக்குத் திரும்புங்கள். கவலையை விரட்டுவதற்காக இதைச் செய்ய வேண்டாம். கவலையோடும் நீங்கள் இங்கே இருப்பதற்காகச் செய்யுங்கள்.

4. பார்க்கிறவர் யார் என்று அறிதல். பள்ளிக்குப் போன பிள்ளை, தோட்டம் செய்த இளைஞன், முகாமில் வரிசையில் நின்ற தகப்பன். இத்தனையையும் கண்டவர் ஒருவரே. "அகதி" என்பது உங்களுக்கு நேர்ந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் நீங்கள் முழுவதும் அடங்கிவிட மாட்டீர்கள்.

5. பெறுமதியானதைத் தெரிதல். சொந்தக் காணிக்குத் திரும்புதல் ஓர் இலக்கு. அது எங்கள் கையில் மட்டும் இல்லை. ஆனால் மண்ணைப் பேணுகிறவராக, பிள்ளைக்குத் தொழில் பழக்குகிற தகப்பனாக, அயலுக்கு உதவுகிற பெண்ணாக வாழ்தல் என்பவை இன்றே, இங்கேயே வாழக்கூடிய விழுமியங்கள்.

6. சிறு செயலில் இறங்குதல். அவ்விழுமியத்துக்கு ஏற்ற ஒரு செயலை, இந்தக் கிழமைக்குள் செய்யக்கூடிய அளவுக்குச் சிறிதாகத் தெரிவு செய்து செய்யுங்கள். தவறினால் மறுபடியும் தொடங்குங்கள். அர்ப்பணிப்பு என்பது இதுதான்.

எம்மைப் போன்றவர்களிடையே

இது வசதியுள்ள நாட்டவர்க்கு மட்டும் உரியதோ என்று கேட்கலாம். தென் சூடானின் போரிலிருந்து தப்பி உகண்டாவின் றைனோ அகதிக் குடியிருப்பில் வாழ்ந்த பெண்களிடையே உலக சுகாதார நிறுவனம் இம்முறையைத் தழுவிய ஒரு பயிற்சியைச் சோதித்துப் பார்த்தது. 14 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 700 பெண்கள் ஆய்வில் பங்குபற்றினர். பயிற்சி பெற்ற கிராமங்களில் பெண்கள் குழுவாகக் கூடி, ஒலிப்பதிவைக் கேட்டு, 5 அமர்வுகளில் பயின்றனர். நடத்தியவர்கள் மனநல வைத்தியர்கள் அல்லர். சுருக்கமான பயிற்சி பெற்றவர்களே. 2020இல் வெளியான முடிவுகளின்படி அவர்களது மன உளைச்சல் குறைந்தது. மூன்று மாதத்தின் பின் அப்பயன் தணிந்திருந்தபோதும் அற்றுப்போகவில்லை. அற்புதம் நடக்கவில்லை, பாரம் ஓரளவு இலகுவானது. அதே ஆண்டில் இம்முறையைப் படங்களோடு விளக்கும் கைந்நூல் ஒன்றையும் அந்நிறுவனம் வெளியிட்டது.

ஏற்பது எதை?

இங்கே ஒரு பெருந்தவறு நேரக்கூடும். ஏற்றுக்கொள்ளுங்கள் என்றவுடன், காணி போனதையும் அநீதியையும் ஏற்றுக்கொண்டு வாய்மூடி இருங்கள் என்று சொல்வதாக எண்ணலாம். அப்படிச் சொல்ல எமக்கு உரிமையில்லை. நாம் ஏற்பது எமக்குள் எழும் துயரத்தை. அநீதியை அல்ல. காணி உறுதியைப் பத்திரமாக வைத்திருங்கள். பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுங்கள். சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். நெஞ்சிலுள்ள துயரத்தோடு நாள் முழுவதும் போராடி ஓய்ந்தவருக்கு, உரிமைக்காகப் போராடப் பலம் மிஞ்சாது.

நமது ஆண்டவரும் கெத்சமனித் தோட்டத்தில் தம் துயரத்தை ஒளிக்கவில்லை. துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென்றே மன்றாடினார். இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். பின்னர் தம் பணியைத் தொடர்ந்தார். இந்து சமயச் சகோதரர்கள் தமது மரபிலும் இதற்கு ஒத்தவற்றைக் காண்பர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல கிழமைகளாக உறக்கமோ உணவோ இல்லாதவர்கள், இல்லாத குரல்களைக் கேட்பவர்கள், உயிரை மாய்க்கும் எண்ணம் வருபவர்கள் இப்பயிற்சிகளோடு நின்றுவிடக் கூடாது. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குத் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வீட்டில் கிருமிநாசினி இருந்தால் பூட்டி வையுங்கள்.

அந்தக் கமக்காரருக்கு இப்போதும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. "இறைப்பு நேரம் வந்திட்டுது" என்று தமக்குள் சொல்லி, எழுந்திருந்து, காலை நிலத்தில் ஊன்றிச் சற்று நேரம் இருப்பாராம். விடிந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு இரவல் வளவில் போட்ட நாலு பாத்தி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பேரன் தண்ணீர் மாறப் பழகிவிட்டான். "மனம் ஆறிவிட்டதா?" என்று கேட்டோம். "இல்லை சுவாமி, கண்டு பிடிச்சிட்டுது" என்றார்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. "மனம் ஆறட்டும்" என்று நாம் தள்ளி வைத்திருக்கும் காரியம் எது?
2. துயரத்தை மறக்க நாம் செய்தவற்றுள், வீட்டுக்கு மேலும் துயரம் கொண்டு வந்தது எது?
3. சொந்த ஊருக்குத் திரும்புமுன்னரே நாம் வாழக்கூடிய விழுமியம் ஒன்றையும், அதற்காக இக்கிழமை செய்யக்கூடிய ஒரு சிறு செயலையும் சொல்லுங்கள்.