இந்த ரவுண்டில் யார் லீடர்?

நண்பர்களே, 2015 டிசம்பரை நம்ம தாம்பரம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த ஆற்றங்கரையில் நீர்மட்டம் அளக்க நூறு சென்சார் வைக்கிறோம்னு வெச்சுக்கோங்க. வெள்ளத்தில் இறங்கி யாரும் பேட்டரி மாற்ற முடியாது. ஆகவே தகவல் எந்த வழியாகப் போகணும்னு முடிவு செய்யும் ரௌட்டிங் புரோட்டோகால்தான் நெட்வொர்க்கின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

முதலில் ஒரு கணக்கு. எளிய ரேடியோ மாடலில் ஒரு பிட் அனுப்ப சர்க்யூட்டுக்கு 50 நானோஜூல். ஆம்ப்ளிஃபயருக்கு 100 பிக்கோஜூலை தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கணும். 2000 பிட் செய்தியை 100 மீட்டர் அனுப்ப 2.1 மில்லிஜூல் ஆகும். 20 மீட்டருக்கு 0.18 மட்டுமே. கிட்டத்தட்ட 12 மடங்கு வித்தியாசம்!

அப்போ பக்கத்து நோடு வழியா கைமாற்றி அனுப்பினா போதுமே? அங்கதான் சிக்கல். பேஸ் ஸ்டேஷனுக்கு அருகில் இருக்கும் நோடுகள் எல்லோர் சுமையையும் சுமந்து முதலில் தீர்ந்துபோகும்.

இதற்கு 2000-இல் வந்த வழிதான் லீச். எழுதியவர்கள் எம்.ஐ.டி.யின் வெண்டி ஹைன்சல்மேன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன். ஹரி நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸில் பி.டெக் படித்தவர். நோடுகள் குழுக்களாகப் பிரியும். குழுத் தலைவர் எல்லா அளவீடுகளையும் வாங்கி, சுருக்கி, ஒரே செய்தியாக அனுப்பும். அந்த வேலைக்குச் செலவு அதிகம். அதனால் ரவுண்டுக்கு ரவுண்டு தலைவர் மாறும். 5 சதவீதம் தலைவர்கள் என்றால் ஒரு நோடுக்கு 20 ரவுண்டில் ஒரு முறைதான் பொறுப்பு. பேட்ச்ல ஒருத்தரே எல்லா ரெக்கார்டும் எழுதாம, மாத்தி மாத்தி எழுதுற மாதிரி.

ஆனா லீச்சை அப்படியே அடையாற்றில் இறக்க முடியாது. மீதி சார்ஜ் எவ்வளவுன்னு அது பார்ப்பதில்லை. எந்தத் தலைவரும் பேஸ் ஸ்டேஷனை நேரடியாக எட்ட முடியும்னு நம்புகிறது. ஆறோ நீளமான கோடு! 2004-இல் வந்த ஹீட், மீதி சார்ஜைப் பார்த்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். தலைவர்கள் ஒருவர் மூலம் ஒருவர் தகவலைக் கடத்தவும் இடமுண்டு. நம்ம ஆற்றுக்கு இதுதான் நெருக்கம்.

ப்ராஜெக்ட் செய்யும் ஜூனியர்களே, சிமுலேஷனில் சதுர மைதானத்தை மட்டும் வரையாதீங்க. சராசரி ஆயுள் கிராஃப் அழகாத்தான் இருக்கும். முதலில் செத்த நோடு எங்கே இருந்ததுன்னும் பாருங்க. தண்ணீர் முதலில் நுழையும் தெருவில் இருந்திருந்தா, மீதி 99 உயிரோடு இருந்தும் அந்தத் தெருவுக்கு எச்சரிக்கை போகாது.